அரைப்புள்ளிக்குப் பின்னால்

பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஏறி
காலணிப் பனியை வாசலில் தட்டி
கைப்பையை மேசைமேல் கவிழ்க்கிறேன்.
சில்லறை, மூன்று ரசீது, ஓர் இருமல் மிட்டாய்.
ஞாயிறுதோறும் இது.

கறுப்புத் திரை, கண்சிமிட்டும் ஒரு கட்டம்.
"வணக்கம் மால்லே" என்று இளிக்கும்
வங்கிச் செயலியின் பச்சைச் சிரிப்பு இதில் கிடையாது.
வெறும் எழுத்து.
நான் தட்டினால் வரும், தட்டாவிட்டால் காத்திருக்கும்.

முதல் வரி குரோனில் இருக்கிறது.
தொடக்க இருப்பு பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.
அடுத்த மாதமே எஸ்தோனியா யூரோவுக்கு மாறியது.
வகுத்துப் பார்த்தேன்: எழுநூற்றுப் பதினெட்டு, முப்பத்தேழு சென்ட்.
ஒரே இரவில் ஏழையாகிவிட்டேன் என்று நினைத்தேன்,
காலையில் கடைக்குப் போய்
ரொட்டியின் விலையும் இளைத்திருப்பதைப் பார்க்கும்வரை.

இந்தக் கணக்குக்கு ஒரே பிடிவாதம்.
எங்கிருந்து வந்தது, எங்கே போனது,
இரண்டையும் சொல்,
கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும்.
ஏன் என்று கேட்டதே இல்லை.
உர்மாசுக்கு முந்நூறு கொடுத்தபோது
உன் அண்ணன் குடியை விட்டுவிட்டானா என்று கேட்கவில்லை.
'வரவேண்டியவை: உர்மாஸ்' என்று
பேரேட்டில் ஒரு கிளை விட்டது, அவ்வளவுதான்.
ஒன்பது வருடம் அதில் ஓர் இலை அசையவில்லை.
அவனை அடக்கம் செய்த வாரம்
'செலவு: குடும்பம்' என்று மாற்றி எழுதினேன்.
பூஜ்யம் வந்தது.
வரும் என்று தெரியும், இருந்தும் இரண்டு முறை கூட்டினேன்.

ஏன் என்பதெல்லாம் அரைப்புள்ளிக்குப் பின்னால்.
வரியின் தலையில் ஒன்றை வைத்துவிட்டால்
நிரல் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்,
சுவர் மெலிந்த குடியிருப்பில்
காதைத் திருப்பிக்கொள்ளும் நல்ல அண்டைவீட்டார் போல.

; அன்னெலின் திருப்பத்தில் வழுக்கியது. யாருக்கும் அடியில்லை.
; பல் பிடுங்கினேன். வெளியே வெயிலோ வெயில்.
; ரைவோ அழைத்தான். எடுக்கவில்லை.

கடைசியதற்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை.
எந்தச் செலவின் கீழ் எழுதுவது என்று
கால் மணி நேரம் யோசித்தேன்.
பெட்ரோலுக்குக் கீழே வைத்தேன்.

இன்று பை ஒப்பவில்லை.
திரையில் முப்பத்தொன்று இருபது,
மேசையில் இருபத்தாறு ஐம்பது.
நான்கு எழுபதைக் காணோம்.
மறுபடி எண்ணினேன்.
மேலங்கியின் கிழிந்த உள்பைக்குள் விரல்விட்டு
துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே துழாவினேன்.
பிறகு கோப்பைக் கேட்டேன்: நான்கு எழுபது எங்கெல்லாம் இருக்கிறது?
2019, காப்பியும் பன்னும்.
2021, பசை.
2032, மார்ச் 8, டூலிப், ஐந்து தண்டு.

2032.

குளிர்ந்த விரலில் இரண்டும் மூன்றும்
இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.
இன்றுவரைதான் கூட்டச் சொல்லியிருந்தேன்;
அந்த வரி ஒன்பது வருடம் தள்ளி நின்று
தன் முறைக்காகக் காத்திருந்தது.

அன்று புதன்கிழமை. மகளிர் தினம்.
ஏறிய ஆண்கள் எல்லார் கையிலும் பூ,
பேருந்து முழுக்க ஈரக் காகித வாசனை.
கடைசி நடை முடித்து
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த கடையில் குனிந்து நுழைந்தேன்.
சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தேன்.
வரிக்குக் கீழே இருக்கிறது:
; எனக்கு நானே.

நான்கு எழுபதைத் தேடிய இந்த அரைமணி நேரமும்
ஊறுகாய்ப் புட்டியில், என் முழங்கைக்கு அருகில்
அவை ஐந்தும் தலை தொங்கி நின்றிருக்கின்றன.

வருடத்தைத் திருத்தினேன். சரிபார்க்கச் சொன்னேன்.
நிரல் ஒன்றும் சொல்லவில்லை,
தவறிருந்தால் மட்டுமே அது வாய் திறக்கும்.

2032இல் எனக்கு எழுபத்தொன்று.
முழங்கால் இந்தப் படிகளுக்கு ஒப்புமோ என்னவோ.
கோப்பின் அடிக்குப் போய்
ஒரு வரி இடம் விட்டு எழுதினேன்:

; 2032 மார்ச் 8. டூலிப். விலை தெரியாது.

சேமித்தேன்.
இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு
புட்டியின் தண்ணீரை மாற்ற எழுந்தேன்.